கவிழ்த்து வைத்த கூரை

நவரட்ணராஜா பாகு காய்ச்சும்போது யாருடனும் பேச மாட்டார். அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, சட்டிக்குள் தொங்கும் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருப்பார். நூற்று நாற்பத்தைந்து பாகையில் இறக்கினால் பாகு பல்லில் ஒட்டும். நூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டினால் மஞ்சள் பிடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற அரை நிமிடத்துக்காகத்தான் அந்த மௌனம். தொடக்கத்திலேயே அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிட வேண்டும் என்பதையும், சட்டி ஓரத்தில் ஒட்டும் சீனிமணிகளை நனைத்த தூரிகையால் கழுவி இறக்காவிட்டால் முழுப் பாகும் உறைந்து வெள்ளையாகிவிடும் என்பதையும் எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏழெட்டுச் சட்டி பழுதாக்கித்தான் தெரிந்துகொண்டார்.

அவர் இனிப்பு விற்பவர் அல்ல. கோண்டாவிலில் பிறந்து, இருபத்து நான்கு வயதில் பேராதனைக்கு வந்து, பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தவர். சைவர். திருநீறு பூசாமல் வேலைக்குப் போனதில்லை. மனைவி இரஞ்சிதம் சாவகச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பத்தவர், கண்டியில் ஆசிரியையாக இருந்தார். இந்தக் கலியாணத்துக்கு இரண்டு வீட்டாரும் முகம் கொடுக்கவில்லை. பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு சாமியோடு, கட்டுகஸ்தோட்டையில் மஹ்ரூப் என்பவரின் வீட்டுப் பின்பகுதியில் வாடகைக்குக் குடியேறினார்கள். மஹ்ரூப் கண்டிக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நவரட்ணராஜா அவரை ‘நானா’ என்று அழைப்பார். இரண்டு குடும்பத்துக்கும் கிணறு ஒன்று, வாசல் ஒன்று.

இனிப்பில் கைவைக்க நேர்ந்தது ஒரு மாட்டினால். இரஞ்சிதத்திடம் கிறிஸ்து பிறப்பான நத்தாருக்குப் பாலன் குடில் வைப்பதற்கான மண் சுரூபங்கள் இருந்தன. மகள் சுகிர்தாவுக்கு இரண்டு வயதான வருடம் பெட்டியைத் திறந்தபோது மாட்டின் கழுத்து ஒடிந்திருந்தது. வீட்டில் இஞ்சி டொபி மிட்டாய் இருந்தது. நவரட்ணராஜா அதை வெந்நீர்ப் பாத்திரத்தின் மூடியில் வைத்து இளக்கி, இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து ஒரு மாடு செய்தார். திமில், கழுத்து மணி, மடித்த முன்னங்கால் எல்லாம் இருந்தன. குடிலில் கொண்டுபோய் அதை வைத்தும் விட்டார்.

இரஞ்சிதம் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இஞ்சருங்கோ, மாடு ஏன் எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கு?”

“சாமியைப் பாத்துத்தானே படுக்கும்,” என்றார் நவரட்ணராஜா.

அவருக்குத் தெரிந்த மாடு நந்திதான். இரஞ்சிதம் அதைத் திருப்பி வைக்கவில்லை. வீட்டுக்கு வந்த கத்தோலிக்கச் சுவாமியாரும் அதைப் பார்த்தபடி தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த நத்தாருக்கு மகள் முழுக் குடிலையும் இனிப்பில் கேட்டாள். கறுத்த டொபியைப் பாளமாக ஊற்றி, சுத்தியலால் உடைத்து, பாறைகளாக அடுக்கி ஒரு குகை கட்டினார். அதன் பிறகு வருடா வருடம் குகைதான். ஒவ்வொரு நவம்பரிலும் தேவையான சாமான்களுக்குத் துண்டு எழுதி மஹ்ரூபின் கடைக்குக் கொடுத்துவிடுவார். டொபியை ரொபி என்று எழுதும் யாழ்ப்பாணத்து வழக்கப்படி ‘ரொபி இரண்டு இறாத்தல்’ என்று அவர் எழுதியதை வாசித்து, முதல் வருடம் மஹ்ரூப் இரண்டு இறாத்தல் கோப்பித்தூள் அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவரைக் காணும்போதெல்லாம், “அண்ணன், இந்த வருஷம் ரொபியா, கோப்பியா, டொபியா?” என்று கேட்பது மஹ்ரூபின் வழக்கமாயிற்று.

கண்டியில் டிசம்பர் மழைக்காலம். இனிப்பு ஒரே நாளில் வியர்த்துப் பிசுபிசுக்கும். அதற்கும் ஆய்வுகூடத்தில் ஒரு வழி இருந்தது. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் என்ற நீல மணிகளை, கழித்து எறிகிறவற்றிலிருந்து கேட்டு வாங்கி வருவார். ஈரம் குடித்தால் அவை இளஞ்சிவப்பாகும். போறணை அடுப்பில் காய வைத்தால் மறுபடி நீலமாகும். சிறிய சீலைப் பைகளில் அவற்றை முடிந்து இனிப்புத் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, தகரப் பெட்டியை மெழுகால் அடைத்துவிட்டால் மூன்று மாதமானாலும் ஒரு சொட்டு வியர்க்காது. இதில் அவருக்குப் பெருமை இருந்தது.

எண்பத்து மூன்று யூலையில் கண்டி நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. அந்த நான்கு நாட்களும் மூவரும் மஹ்ரூபின் வீட்டு உள்ளறையில் இருந்தார்கள். மஹ்ரூபின் மனைவி கைரியா தன் பழைய சேலை ஒன்றை இரஞ்சிதத்தின் தலையில் முக்காடாகப் போட்டு, யாராவது கேட்டால் மாத்தளையிலிருந்து வந்த தாத்தா, அதாவது தன் அக்கா, என்று சொல்ல ஏற்பாடு செய்தார். ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் இரஞ்சிதத்துக்கு அதற்குப் பிறகு கண்டியில் உறக்கம் வரவில்லை. மகளையும் அழைத்துக்கொண்டு சாவகச்சேரிக்குப் போனார். நத்தாருக்குள் நிலைமை சீராகிவிடும் என்றுதான் அப்போது பேச்சு. பிறகு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் எடுத்துக்கொண்டார்.

நவரட்ணராஜா கண்டியில் தங்கினார். லீவு கிடைக்கும்போதெல்லாம் ரயிலில் போய் வந்தார். நத்தாருக்கு டொபிப் பாறைகளை நீல மணிகளோடு பெட்டியில் அடைத்துக்கொண்டுபோய், அங்கே வைத்துக் குகை கட்டுவார். இந்திய இராணுவத்தோடு சண்டை நடந்த வருடம் மட்டும் போக முடியவில்லை. எண்பத்தொன்பது நத்தார்தான் கடைசி. மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அடுத்த யூனில் மறுபடி யுத்தம் தொடங்கி, ரயிலும் நின்று பாதையும் அடைபட்டது.

அதற்குப் பிறகும் சனம் போய் வந்துகொண்டுதான் இருந்தது. வவுனியாவில் பாஸ் எடுத்து, காவலரண்களைத் தாண்டி, கிளாலிக் கடனீரேரியை இருட்டில் வள்ளத்தில் கடந்து போனார்கள். சிலர் போய்ச் சேரவில்லை. இரஞ்சிதம் தெளிவாக எழுதிவிட்டார்: வர வேண்டாம். “நீங்கள் அங்க இருந்தாத்தான் எங்களுக்கு வெளியில ஒரு ஆள் இருக்குது. இரண்டு பக்கத்தில எந்தப் பக்கம் உங்களைப் பிடிச்சு வைச்சாலும் கேட்க ஒருத்தரும் இல்லை.” அது நியாயமாகத்தான் அவருக்குப் பட்டது. நியாயமான காரியங்களை அவர் எப்போதும் ஒப்புக்கொள்வார்.

கடிதங்கள் மாதக்கணக்கில் பிந்தி வந்தன, வழியில் பிரிக்கப்பட்டும் வந்தன. ஆகவே யாரும் எதையும் எழுதுவதில்லை. சுகம், சுகமறிய ஆவல், மழை பெய்தது, சோதனை முடிந்தது. மகளின் கடிதங்கள் ஒன்றரைப் பக்கத்திலிருந்து ஒரு பக்கமாகி, பிறகு தாயின் கடிதத்தின் அடியில் நான்கு வரியாகின. நவரட்ணராஜா அந்த நான்கு வரியில் எழுத்து மாறிக்கொண்டு வருவதைக் கவனித்தார். முன்பு ‘கு’வுக்குப் பெரிய சுழி போடுவாள். இப்போது போடுவதில்லை. பிள்ளை தன்னை மறந்துகொண்டு வருகிறாள் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மஹ்ரூப் ஒருவர்தான் ஊகித்திருந்தார்.

தொண்ணூற்று மூன்றில், பத்மாதேவி என்ற ஓய்வுபெற்ற தாதி, தாயாருக்கு நோய் கடுமை என்று கேட்டு மானிப்பாய்க்குப் புறப்பட்டார். பேராதனையில் முப்பது வருடம் வேலை செய்தவர், சிங்களம் தண்ணீராகப் பேசுவார், யாருக்கும் பயப்பட மாட்டார். நவரட்ணராஜா தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டார். ஒரு சிறிய பெட்டி என்றால் கொண்டுபோகலாம் என்றார் பத்மாதேவி.

குகை சிறிய பெட்டிக்குள் அடங்காது. பாறையின் பாரமும் சரிவராது. எனவே முதன்முறையாக அவர் தட்டையாக அடுக்கக்கூடிய ஒரு குடிலை யோசித்தார். சுவர்கள் பால் டொபி. ஜன்னல்கள் கண்ணாடிபோன்ற வெறும் பாகு. கூரைக்கு இரண்டு பலகைகள், ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம், ஓரங்கள் சரியாக நாற்பத்தைந்து பாகையில் சரித்து வெட்டியவை. முன்னும் பின்னும் அடைக்க இரண்டு முக்கோணங்கள். தூணுக்கும் வேலிக்கும் பன்னிரண்டு மெல்லிய தடிகள். ஒரு நட்சத்திரம். பூட்டும் முறையை அளவுகளோடு ஒரு தாளில் வரைந்து, எந்தத் துண்டை எதன் பிறகு ஒட்டுவது, ஒட்டும் பாகு எத்தனை பாகையில் இருக்க வேண்டும் என்றெல்லாம் சிறிய எழுத்தில் எழுதி, அதே தாளின் அடியில் மகளுக்கு இரண்டு வரி எழுதினார். நீல மணிகளைப் பைகளில் முடிந்து வைத்தார். மெழுகால் அடைத்தார்.

தைப்பொங்கல் கழிந்து பத்மாதேவியின் கடிதம் வந்தது. அது இப்படித் தொடங்கியது: “நவரட்ணராஜா, உம்மட ஜன்னல் நல்ல ருசி. எனக்கு நீரிழிவு எண்டது உமக்குத் தெரியும்.”

வவுனியாவுக்கு அப்பால் காவலரணில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். மெழுகால் அடைத்த தகரப் பெட்டி. உள்ளே சின்னச் சின்னப் பைகளில் நீல நிற இரசாயனம். ஒரு கட்டடத்தின் வரைபடம், அளவுகளோடு. பக்கத்தில் தமிழில் வெப்பநிலைகள். இது என்ன என்று கேட்டதற்குப் பத்மாதேவி, கொடுத்தவருக்குத்தான் தெரியும் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதைவிட மோசமான பதில் வேறு இருக்க முடியாது. நான்கு மணித்தியாலம் ஒரு மர வாங்கில் இருத்தி வைத்தார்கள். இனிப்பு என்றால் தின்று காட்டச் சொன்னார் அதிகாரி. தின்றார். இன்னும் ஒன்று என்றார். அதையும் தின்றார். ஜன்னல்கள் முடிந்த பிறகு அதிகாரி தானே ஒரு சுவர்த் துண்டை வாயில் போட்டுப் பார்த்து, தங்கள் வீட்டில் செய்வதுபோல இருக்கிறது என்றாராம். சிப்பாய்கள் நான்கு சுவர்களையும் தேநீரோடு முடித்தார்கள். நீல மணிகளையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார்கள். பத்மாதேவி மானிப்பாய் போய்ச் சேர்ந்து மூன்று நாள் படுக்கை. பெட்டியை ஓர் உறவுக்காரரிடம் கொடுத்துச் சாவகச்சேரிக்கு அனுப்பியிருக்கிறார். பிள்ளைக்குத் தகப்பன் கொடுத்தனுப்பியது என்பதற்கு மேல் அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது.

“இனிமேல் ஆருக்கும் என்னத்தையும் குடுத்தனுப்பும்போது படம் கீறி வைக்காதேயும்,” என்று முடித்திருந்தார்.

நவரட்ணராஜா இரண்டு நாள் சாப்பிடவில்லை. தான் கவனமாகச் செய்த ஒவ்வொன்றும்தான் ஒரு வயதான மனுஷியை அந்த வாங்கில் இருத்தியிருக்கிறது. ஈரம் பட்டால் படட்டும் என்று ஒரு கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். மன்னிப்புக் கேட்டுப் பத்மாதேவிக்கு நான்கு பக்கம் எழுதினார். அதில் இரண்டு பக்கம் சிலிக்கா ஜெல் பற்றி இருந்ததால் மஹ்ரூப் அதைத் தபாலில் போட விடவில்லை.

மார்ச் நடுப்பகுதியில் சுகிர்தாவின் கடிதம் வந்தது. தனிக் கடிதம். சனவரி பதினைந்து என்று திகதியிட்டிருந்தது.

“அப்பா, வள்ளம் கிடைச்சுது. ரெண்டு பக்கப் பலகையும் கச்சிதமாப் பொருந்தினது. முன்னுக்கும் பின்னுக்கும் முக்கோணத்தை வைச்சு ஒட்டினன். சீனி இல்லை, பனங்கட்டியைக் காய்ச்சித்தான் ஒட்டினது. அதால மூட்டெல்லாம் கறுப்பாக் கிடக்கு. தடி பன்னிரண்டும் துடுப்பு. நட்சத்திரத்தை முன்னுக்கு நட்டுவைச்சன். நத்தாருக்கு ஆரும் வள்ளம் செய்து அனுப்புவினமோ எண்டு அம்மா கேட்டா. நீங்கள் வாறியள் எண்டு எனக்கு விளங்கினது. நான் சொல்லேல்ல. எந்த நாள் எண்டு நீங்கள் எழுத ஏலாது எண்டும் தெரியும். எனக்குச் சனிக்கிழமையில ரியூசன் வகுப்பு இல்லை. கிளாலியால வாற ஆக்கள் இறங்கிற இடத்தில பத்து மணியில இருந்து நிக்கிறன்.”

முதலில் அவருடைய கைதான் வேலை செய்தது. ஒரு மட்டையை எடுத்து, இரண்டு பலகையும் இரண்டு முக்கோணமும் வெட்டி, கூரையாகச் சேர்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார். மேசையில் ஒரு வள்ளம் இருந்தது. சுவர்கள் இல்லாமல், வரைபடம் இல்லாமல், குகையை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது வேறொன்றாக இருக்க வழியே இல்லை.

அதன் பிறகு சுவரில் தொங்கிய கலண்டரில் சனிக்கிழமைகளை எண்ணினார். ஒன்பது.

உடனே உண்மையை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தார். ‘அது வள்ளமல்ல, கூரை’ என்று எழுதினார். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். இது போய்ச் சேர இரண்டு மாதமாகும். அதுவரைக்கும் எட்டுச் சனிக்கிழமை. அது சேர்ந்த பிறகு வரும் சனிக்கிழமைகளில் அவள் அந்த இடத்துக்குப் போக மாட்டாள். எது மோசம் என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போய் மூன்று குடுவைகளை உடைத்தார். அவருடைய இருபத்தைந்து வருட வேலையில் உடைந்தவை எல்லாம் சேர்த்தே இரண்டுதான்.

மஹ்ரூப் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். இருவரும் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார்கள்.

“மறந்துட்டா மறந்துட்டான்னு உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டு இருந்தீங்க,” என்றார் மஹ்ரூப். “அந்தப் புள்ள பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிது.”

“இரஞ்சிதம் வரவேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறா.”

“அவங்க சொன்னது சரிதான் அண்ணன். நான் இல்லேங்கல்ல.”

நவரட்ணராஜா இரண்டு கிழமை லீவுக்கு எழுதினார். காரணம் என்ற இடத்தில் மகளைப் பார்க்க என்று எழுதிக் கொடுத்தார். எங்கே என்று மேலதிகாரி கேட்டார். சொன்னதும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, யோசித்துத்தானே எழுதினீர்கள் என்று கேட்டார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்து வைத்தார்.

பயணத்தை அவர் பின்னிருந்து முன்னாகக் கணக்கிட்டார். சனிக்கிழமை பத்து மணிக்குச் சாவகச்சேரி. அப்படியானால் வெள்ளி இரவு வள்ளம். வியாழன் வவுனியாவை விட வேண்டும். பாஸுக்கு இரண்டு நாள். திங்கள் கண்டியிலிருந்து புறப்பட வேண்டும். மஹ்ரூப் பஸ் நிலையம் வரைக்கும் வந்தார். நவரட்ணராஜாவின் கையில் மாற்றுடுப்பாக ஒரு சேட்டும் சாரமும் அடங்கிய பையைத் தவிர ஒன்றுமில்லை என்பதைப் பார்த்துவிட்டு, “வெறுங்கையோடயா போறீங்க? ஒரு டொபிப் பைக்கட்டாச்சும் கொண்டுபோங்க,” என்றார்.

“வேண்டாம் நானா,” என்றார் நவரட்ணராஜா. “இந்த முறை ஆள்தான் போறன்.”

கணக்குப் பிழைத்தது. வவுனியாவில் பாஸ் வழங்குவதை அந்தக் கிழமை நிறுத்தியிருந்தார்கள். தெரிந்தவர் ஒருவரின் கடை விறாந்தையில் தங்கி, ஒவ்வொரு விடியலும் வரிசைக்குப் போய்த் திரும்பினார். சனிக்கிழமை வந்தது. பத்து மணியிலிருந்து அவர் அந்த விறாந்தையில் எழும்பாமல் இருந்தார். அவள் பத்து மணிக்கு வருவாள் என்பது தெரியும். எத்தனை மணிக்குத் திரும்பிப் போவாள் என்று கடிதத்தில் எழுதவில்லை. ஒரு மணிக்குப் போயிருப்பாள் என்று தனக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, இல்லை, இரண்டு மணிக்கும் ஒரு வாகனம் வரும், அதையும் பார்த்துவிட்டுத்தான் போவாள் என்று தோன்றியது. பின்னேரம் நான்கு மணிக்குத்தான் எழும்பிப் போய்ச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை பாஸ் கிடைத்தது. வழியில் எவரெவர் என்னென்ன கேட்டார்கள், எங்கெங்கே நடந்தார், வள்ளத்தில் என்ன நடந்தது என்பதைப் பற்றி நவரட்ணராஜா பின்னாளில் அதிகம் சொன்னதில்லை. ஐம்பது வயதில், நீந்தத் தெரியாமல், முன்னால் இருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு கடந்தேன் என்பார். காற்றுக்காக இரண்டு இரவு கரையில் காக்க வேண்டியிருந்தது, அது நல்லதாகப் போயிற்று என்பார். அதனால்தான் வெள்ளி இரவு கடக்க நேர்ந்தது.

சனிக்கிழமை பதினொன்றேகால் மணியளவில் வாகனம் சாவகச்சேரியில் நின்றது. உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்த சாரம். நான்கு நாள் தாடி. முன்னால் வந்தவர்களின் மூட்டைகள் இறங்கும்வரை அவர் படியில் நின்றார். வெயிலில் சைக்கிள்களைப் பிடித்தபடி நான்கைந்து பெட்டைகள் நின்றார்கள். எல்லோரும் உயரமாக இருந்தார்கள். இரட்டைப் பின்னல் போட்டவர்களாக இருந்தார்கள். அவரிடம் இருந்தது பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகம் மட்டும்தான். அந்த முகம் அங்கே எவரிடமும் இல்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

ஒருத்தி மட்டும் இறங்குகிற ஒவ்வொருவரின் முகத்தையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவசரமில்லாமல், ஒருவரையும் விட்டுவிடாமல். பன்னிரண்டு கிழமை பழகிப்போன பார்வை. அது அவருடைய முகத்துக்கும் வந்தது. சற்று நின்று, அவரைத் தாண்டி, பின்னால் இறங்கிக்கொண்டிருந்த ஆளிடம் போயிற்று.

நவரட்ணராஜா பையை நிலத்தில் வைத்தார்.

பார்வை திரும்பி வந்தது.